ஒரு நகராட்சிக்குச் சொந்தமாக ரயில் பாதையா? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பற்றி

ரயில்பித்தன்:

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. 2023 நவம்பரில் சின்சினாட்டி நகர மக்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் ஊருக்குச் சொந்தமான ரயில் பாதையை நார்ஃபோக் சதர்ன் கம்பெனிக்கு 160 கோடி டாலருக்கு விற்கச் சம்மதித்தார்கள். ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் கிளம்பி, கென்டக்கியைக் குறுக்கே கடந்து, டென்னசி மாநிலத்துச் சட்டனூகா வரை போகும் பாதை. சுமார் 337 மைல்.

விற்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வாங்கியது எப்படி என்பதுதான் புரியவில்லை. அமெரிக்காவில் ரயில் என்றாலே தனியார்தானே? அதிலும் ஒரு நகராட்சி, பக்கத்து மாநிலத்துக்கும் அதற்கு அடுத்த மாநிலத்துக்கும் போய்த் தண்டவாளம் போட முடியுமா? 1869இல் ஏதோ ஒரு சட்டம் என்று மட்டும் கண்ணில் பட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்காடி:

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1851இல் ஒஹாயோ தன் அரசியலமைப்பைப் புதிதாக எழுதியது. அதில் இரண்டு தடைகள் முக்கியமானவை. ஒன்று, எந்த நகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு) தனியார் கம்பெனியில் பங்கு வாங்கக் கூடாது, அதற்காகப் பணம் திரட்டக் கூடாது, அதன் கடனுக்குத் தன் பெயரை ஈடாகக் கொடுக்கவும் கூடாது. இரண்டு, ஒரு குறிப்பிட்ட ஊருக்கோ கம்பெனிக்கோ என்று தனிச் சட்டம் போட்டு அதிகாரம் கொடுக்கக் கூடாது. எல்லாருக்கும் பொருந்தும் பொதுச் சட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

சின்சினாட்டியின் நிலைமை வேறு. நீராவிப் படகுக் காலத்தில் ஒஹாயோ ஆற்றை வைத்துக் கொழித்த ஊர் அது. ரயில் வந்ததும் தென்மாநில வியாபாரம் லூயிவில் பக்கம் போக ஆரம்பித்தது. அந்த ஊரிலிருந்து தெற்கே பாதை இருந்தது. சின்சினாட்டிக்கும் தெற்கே ஒரு பாதை வேண்டும். தனியார் முதலாளிகள் முன்வரவில்லை. நகரம் பணம் கொடுத்து உதவலாம் என்றால் அரசியலமைப்பு தடுக்கிறது.

சின்சினாட்டி வக்கீல் எட்வர்ட் ஃபெர்குசன் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனிக்கு உதவக் கூடாது என்றுதானே இருக்கிறது? கம்பெனியே வேண்டாம், நகரமே பாதையைப் போடட்டும். தனிச் சட்டம் கூடாதா? சட்டத்தில் ஊர் பெயரையே எழுத வேண்டாம். 1869 மே 4ஆம் தேதிச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? "ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள முதல் வகுப்பு நகரம் எதுவானாலும்" தன் நலனுக்கு அவசியம் என்று தீர்மானம் போட்டு ரயில் பாதை அமைக்கலாம், அதன் ஒரு முனை அந்த நகரமாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் சின்சினாட்டியில் 2,16,239 பேர். மாநிலத்தின் அடுத்த பெரிய ஊரான கிளீவ்லாந்தில் 93 ஆயிரத்துக்கும் குறைவு.

சட்டம் வந்த கையோடு ஜூன் மாதமே ஊரில் வாக்கெடுப்பு. ஆதரவு 15 ஆயிரத்துக்கும் மேல், எதிர்ப்பு வெறும் 1,500. முதலில் 1 கோடி டாலருக்குக் கடன் பத்திரம்; முடிக்கும்போது ஏறத்தாழ 1.8 கோடி ஆகிவிட்டது. நிர்வாகத்தை நகர மன்றத்திடம் விடவில்லை. நீதிமன்றம் நியமித்த ஐந்து அறங்காவலர்களிடம் கொடுத்தார்கள். அதில் ஃபெர்குசனும் ஒருவர்.

குசும்பன்:

ஆக, ஊர் பேரைச் சொல்லாமல் ஒரு ஆளுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், உடம்புதான் பொருந்தாது.

ரயில்பித்தன்:

வழக்காடி ஐயா, நன்றி. ஆனால் நீதிமன்றம் இதை எப்படி விட்டது? கண்ணுக்கு நேரே தெரிகிற தந்திரம் அல்லவா?

வழக்காடி:

விட்டுவிட்டது. ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1871இல் சட்டம் செல்லும் என்றது. இன்று ஒரு ஊர்தான் இந்த வரையறைக்குள் வருகிறது என்றாலும், நாளை இன்னொரு ஊர் வளர்ந்து வரலாமே என்பது வாதம். இதைப் பார்த்து மற்ற ஊர்களும் எங்களுக்கும் வேண்டும் என்று 1872இல் வேறொரு சட்டம் வாங்கின. அதை அதே நீதிமன்றம் செல்லாது என்றது. ஊர் பாதி போட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் ஏற்பாடாக இருந்ததால், கம்பெனிக்கு மறைமுக உதவிதான் அது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் இந்த மக்கள்தொகைத் தந்திரம் ஒஹாயோவில் தொழிலாகவே ஆகிவிட்டது. நகரங்களை வகுப்பு, வகுப்புக்குள் தரம் என்று பிரித்துக்கொண்டே போனார்கள். முதல் வகுப்பில் முதல் தரம் சின்சினாட்டி, இரண்டாம் தரம் கிளீவ்லாந்து, மூன்றாம் தரம் டொலீடோ. இரண்டாம் வகுப்பில் முதல் தரம் கொலம்பஸ், இரண்டாம் தரம் டேட்டன். ஒரு தரத்துக்கு ஒரே ஊர்! "முதல் வகுப்பு மூன்றாம் தர நகரங்களுக்கான சட்டம்" என்று பார்த்தால் டொலீடோ சட்டம் என்று வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். 1902இல்தான் நீதிமன்றம் பொறுமை இழந்து மொத்த அமைப்பையும் கலைத்தது.

கணக்குப்பிள்ளை:

அந்த 1851 தடைகள் எங்கிருந்து வந்தன என்று சொல்லாவிட்டால் ஃபெர்குசன் ஏதோ சட்டத்தை ஏமாற்றிய கெட்டிக்காரர் மாதிரி மட்டும்தான் தெரிவார்.

முன்கதை 1830கள். நியூயார்க் மாநிலம் தன் சொந்தப் பொறுப்பில் ஈரி கால்வாயை வெட்டி (1817 முதல் 1825 வரை, 363 மைல், சுமார் 70 லட்சம் டாலர்) சுங்கத்திலேயே கடனை அடைத்தது. அதைப் பார்த்த மேற்கு மாநிலங்களுக்கு ஆசை வந்துவிட்டது. 1836இல் இந்தியானா ஒரே சட்டத்தில் கால்வாய், ரயில், சாலை எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 கோடி டாலர் கடன் வாங்க முடிவெடுத்தது. அப்போது அந்த மாநிலத்தின் ஆண்டு வருமானம் 75 ஆயிரம் டாலர்கூட இல்லை! திரும்பப் படித்துப் பாருங்கள், தட்டச்சுப் பிழை இல்லை.

அடுத்த வருஷம் இல்லினாய். 1837 பிப்ரவரிச் சட்டத்தில் மாநிலம் முழுக்க ரயில் பாதைகள். தன் ஊர் வழியாகப் பாதை வராத உறுப்பினர் எதிர்த்து ஓட்டுப் போடுவாரே? அதற்கும் வழி வைத்தார்கள்: ரயிலோ கால்வாயோ கிடைக்காத கவுண்டிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க 2 லட்சம் டாலர். ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களில் 28 வயது ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். அந்தத் திட்டத்தில் ஓடும் நிலைக்கு வந்தது நார்தர்ன் கிராஸ் என்ற ஒரு பாதை மட்டும். 1847இல் அதையும் ஏலம் விட்டார்கள். கிடைத்தது 21,100 டாலர்.

1837 நிதி நெருக்கடிக்குப் பிறகு 1841, 42இல் எட்டு மாநிலங்களும் புளோரிடா பிரதேசமும் வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தன. இந்தியானா தன் பாதிக் கடனுக்கு ஈடாகத் தன் மாநிலத்து வபாஷ்-ஈரி கால்வாயையே கடன்காரர்களிடம் ஒப்படைத்தது. 1851இல் இந்தியானாவும் ஒஹாயோவும் புது அரசியலமைப்பு எழுதும்போது அந்தக் காயம் ஆறவில்லை. சூடு கண்ட பூனைகள்.

நூலகவாசி:

கணக்குப்பிள்ளை சார் எப்போதும் கடனிலேயே நிற்கிறார். அந்தக் காலத்துச் சட்டத் தொகுப்புகளைப் புரட்டினால் ரயிலும் கால்வாயும் கொஞ்சம்தான். மீதி எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்: இந்த ஊர் தீயணைப்புக் குழுவுக்கு அங்கீகாரம், அந்த ஊர் நூலகச் சங்கத்துக்கு அங்கீகாரம், இன்ன ஆற்றில் பாலம் கட்ட இன்னாருக்கு அனுமதி, இடுகாட்டுக்கு நிலம். பத்துப் பேர் சேர்ந்து புத்தகம் வாங்கி வைப்பதற்குச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஏனென்றால் சட்டப்படி ஒரு அமைப்பாகப் பதிவாகாவிட்டால் சங்கத்தின் பேரில் சொத்து வைக்க முடியாது, வழக்குப் போட முடியாது. பொருளாளர் செத்தால் சங்கத்துச் சொத்து அவர் வாரிசுக்குப் போனாலும் கேட்க ஆளில்லை.

இந்தத் தொல்லையைச் சில மாநிலங்கள் சீக்கிரமே புரிந்துகொண்டன. பென்சில்வேனியா 1791இலேயே இலக்கிய, அற, சமயச் சங்கங்களுக்குப் பொதுச் சட்டம் போட்டது. நியூயார்க்கில் தேவாலயங்களுக்கு 1784, நூலகங்களுக்கு 1796, அறச் சங்கங்களுக்கும் அறிவியல் சங்கங்களுக்கும் 1848. கம்பெனிகளுக்குப் பொதுச் சட்டம் பரவலாவதற்கு முன்பே சங்கங்களுக்கு வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

எனக்குப் பிடித்த கதை நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள பீட்டர்பரோ. மாநிலம் ஒரு கல்லூரி தொடங்குவதற்காக வங்கிகளிடம் வரி வசூலித்து வைத்திருந்தது. கல்லூரி வரவில்லை. பணத்தை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கோ வேறு கல்விக் காரியத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள் என்றது. மற்ற ஊர்கள் பள்ளிக்கூடத்தில் செலவழிக்க, பீட்டர்பரோ 1833இல் ஒரு பகுதியை எடுத்துப் புத்தகம் வாங்கி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தது. சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது: நியூ ஹாம்ப்ஷயரில் 1849, மாசசூசெட்ஸில் 1851. மாசசூசெட்ஸ் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. தொடங்கும் ஆண்டு தலைவரி கட்டுவோர் ஒருவருக்கு 1 டாலர் கணக்கில் செலவழிக்கலாம், அதற்கப்புறம் ஆண்டுக்கு 25 சென்ட்தான்.

வழக்காடி:

நூலகவாசி சொன்னதிலேயே என் கருத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. மாநிலங்களிடம் பணம் இல்லை. அதனால் பணத்துக்குப் பதில் உரிமையையும் விலக்கையும் கொடுத்தார்கள். நியூயார்க்கில் தொண்டர் தீயணைப்பு வீரருக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் ஜூரிக் கடமையிலிருந்தும் மிலிஷியா என்ற குடிமக்கள் படையிலிருந்தும் விலக்கு. 1847 இடுகாட்டுச் சட்டத்தில் மானியம் கிடையாது, ஆனால் நிலத்துக்கு வரி விலக்கு, கடனுக்கு ஜப்தி செய்யவும் முடியாது. அதனால் மன்ஹாட்டனில் இடம் இல்லாத தேவாலயங்களும் சங்கங்களும் குவீன்ஸ் (இன்று நியூயார்க் நகரின் ஒரு பகுதி) பக்கம் வயல்களை வாங்கிக் குவித்தன. அங்கே கால்வரி இடுகாட்டில் மட்டும் 30 லட்சம் பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் குவீன்ஸில் உயிரோடு இருந்தவர்கள் 24 லட்சம்.

பாலம் கட்டியவருக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமை. பாஸ்டனில் 1785இல் சார்லஸ் ஆற்றுப் பாலத்துக்கு 40 ஆண்டு உரிமை கொடுத்து, பிறகு 70 ஆக்கினார்கள். 1828இல் மாநிலமே பக்கத்தில் இன்னொரு பாலத்துக்கு அனுமதி கொடுத்து, அது சில ஆண்டுகளில் இலவசமாகிவிடும் என்றது. பழைய பாலத்துக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1837இல் தோற்றார்கள். சட்டத்தில் வெளிப்படையாக எழுதாத உரிமையை ஊர் நலனுக்கு எதிராக ஊகித்துச் சேர்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

குசும்பன்:

சுங்கச்சாவடிப் பிரச்சினை அப்போதே உண்டா? யார் யாருக்கு இலவசம்?

நூலகவாசி:

குசும்பன், இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை. நியூயார்க் சுங்கச் சாலைகளில் இலவசமாகப் போகக்கூடியவர்கள்: வழிபாட்டுக்குப் போகிறவர், சவ ஊர்வலம், மாவு அரைக்கப் போகிறவர், குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லரிடம் போகிறவர், மருத்துவரையோ மருத்துவச்சியையோ கூப்பிடப் போகிறவர், நீதிமன்றத்துக்கு ஜூரியாகவோ சாட்சியாகவோ போகிறவர், ஓட்டுப் போடப் போகிறவர், சாவடிக்கு ஒரு மைலுக்குள் வீடு உள்ளவர். யோசித்துப் பாருங்கள், உள்ளூர்க்காரன் வேறு எதற்குத்தான் வண்டி கட்டப் போகிறான்? எஞ்சியவர்களும் சாவடிக்குச் சற்று முன்பு வயலுக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறினார்கள். அந்தச் சுற்று வழிகள் நாளடைவில் நிஜச் சாலைகளாகவே ஆகிவிட்டன.

கணக்குப்பிள்ளை:

இதனால்தான் அந்தச் சுங்கச் சாலைக் கம்பெனிகள் பெரும்பாலும் லாபம் பார்க்கவில்லை. பொதுச் சட்டம் வந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்குப் பலகைச் சாலைகளைக் காட்ட வேண்டும்.

1846இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பக்கத்தில் சாலையில் மரப்பலகை பதித்துப் பார்த்தார்கள். எட்டடி அகலம், மூன்று நான்கு அங்குல கனம், கீழே நீளவாக்கில் தாங்கு சட்டங்கள். சேறு தொல்லை இல்லை, மழைக்காலத்திலும் பாரவண்டி ஓடியது. 1847இல் மாநிலம் பொதுச் சட்டம் போட்டது: சட்டமன்றத்தில் கெஞ்ச வேண்டாம், நிபந்தனைகளை நிறைவேற்றினால் யாரும் பலகைச் சாலைக் கம்பெனி தொடங்கலாம். சில ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட கம்பெனிகள், ஆயிரக்கணக்கான மைல்கள். பலகை எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் தாங்கும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். நாலைந்து வருஷத்தில் உளுத்துவிட்டது. மாற்றுவதற்குப் பணம் இல்லை. 1850களின் பாதிக்கு மேல் பல கம்பெனிகள் சாலையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன.

வழக்காடி:

அதில் முக்கியமான ஒன்று விடுபடுகிறது. பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அந்தச் சாலை ஓரத்து விவசாயிகளும் கடைக்காரர்களும்தான். ஈவுத்தொகைக்காக அல்ல, சாலை வந்தால் தானியம் சந்தைக்குப் போகும், நில விலை ஏறும் என்பதற்காக. வரியாக வசூலிக்க முடியாததைப் பங்காகத் திரட்டினார்கள். கம்பெனிக் கணக்கில் நஷ்டம் என்பதால் ஊருக்கே நஷ்டம் என்று சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை:

உளுத்துப்போன பலகையில் வண்டியை ஓட்டிப் பார்த்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஊர்ப்பொதுவில்:

சுங்கச் சாலை இல்லாத சாதாரண ஊர்ச் சாலைகளை யார் பராமரித்தார்கள்? பஞ்சாயத்து மாதிரி ஏதாவது?

வழக்காடி:

ஊர்க்காரர்களே. கட்டாய வேலை. நியூயார்க்கில் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது சாலை வேலை செய்ய வேண்டும். சொத்துக்கு ஏற்ப நாள்கள் கூடும். வர முடியாதவர் நாளுக்கு 62½ சென்ட் கட்டிவிடலாம். வண்டியும் மாடும் ஆளும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் வரவு. மேற்பார்வையாளரும் அதே ஊர்க்காரர், அடுத்த வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தவர் மேற்பார்வையாளராகலாம். ஆகவே யாரும் யாரையும் கடிந்து வேலை வாங்கவில்லை. நிழலில் உட்கார்ந்து கதை பேசிவிட்டு, பள்ளத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பதுதான் அந்தக் காலத்துச் சாலைச் சீர்திருத்தக்காரர்களின் நிரந்தரப் புலம்பல்.

இது 20ஆம் நூற்றாண்டுக்குள்ளும் நீண்டது. புளோரிடாவில் 21 முதல் 45 வயது வரை உள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம். இல்லாவிட்டால் 3 டாலர். பட்லர் என்பவர் மறுத்துத் தண்டனை பெற்று, இது அடிமைத்தனத்தை ஒழித்த 13ஆம் திருத்தத்துக்கு விரோதம் என்று வழக்காடினார். 1916இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாலைக் கட்டாய வேலை காலங்காலமாக இருக்கிற குடிமைக் கடமை, அந்தத் திருத்தம் இதை மனதில் வைத்து எழுதப்படவில்லை என்றது.

மறுபக்கம்:

இதுவரை படித்ததில் ஒரு குறை. எல்லாரும் "ஊர்க்காரர்கள்", "சங்கம்" என்று எழுதுகிறீர்கள். யார் அந்த ஊர்க்காரர்?

நியூயார்க்கில் 1808இல் கறுப்பின மக்கள் ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கினார்கள்: நியூயார்க் ஆப்பிரிக்கச் சங்கம். சந்தா கட்டினால் நோயில் உதவி, இறந்தால் விதவைக்கும் பிள்ளைக்கும் உதவி. 1810இல் மாநிலச் சட்டமன்றம் அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. அதே மாநிலத்தில் அடிமைத்தனம் 1827 ஜூலை 4 வரை சட்டப்படி இருந்தது! சொத்து வாங்கும் உரிமை உள்ள ஒரு சங்கம், அதன் உறுப்பினரின் உறவினர் இன்னொருவரின் சொத்து. அந்தக் காகிதத்தின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்த அளவு வெள்ளைக்காரத் தீயணைப்புக் குழுவுக்குத் தெரிந்திருக்காது.

வர்ஜீனியாவில் நேர்மாறு. 1831 ஏப்ரலில், அதாவது நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் செய்த கிளர்ச்சிக்கு நாலு மாதம் முன்பே, சுதந்திரமான கறுப்பர்கள் எழுதப் படிக்கக் கற்பதற்காகக் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம் என்று சட்டம் வந்தது. கிளர்ச்சிக்குப் பின் அவர்கள் பிரசங்கம் செய்வதும் தடையானது. வழக்காடி ஐயா சொல்கிற "பணத்துக்குப் பதில் உரிமை" இங்கே எப்படி வேலை செய்கிறது பாருங்கள். கொடுக்கிறவன் கையில் இருக்கிற வரைக்கும் அது உரிமை இல்லை, சலுகை. எனவே பொதுச் சட்டத்தைக் கணக்குப்பிள்ளை கிண்டல் செய்வது எனக்கு ஒப்பவில்லை. உளுத்த பலகைக்கு விலை பணம். சட்டமன்றத்தில் போய் நின்று முகம் பார்த்து அனுமதி வாங்க வேண்டியதற்கு விலை வேறு.

கணக்குப்பிள்ளை:

ஏற்றுக்கொள்கிறேன், சங்கங்கள் விஷயத்தில். கம்பெனிகள் விஷயத்தில் என் கிண்டல் தொடரும்.

ரயில்பித்தன்:

எங்கெங்கோ போய்விட்டோம், ஆனால் நன்றாக இருக்கிறது. சரி, கென்டக்கி எப்படி ஒத்துக்கொண்டது?

வழக்காடி:

ஒத்துக்கொள்ளவில்லை, முதலில். லூயிவில் கென்டக்கியில் இருக்கும் ஊர். போட்டிக்காரனுக்குத் தன் வீட்டு வாசல் வழியாக வழி விடுவார்களா? 1870, 1871 இரண்டு முறையும் சட்டமன்றம் நிராகரித்தது. 1872இல்தான் அனுமதி. 1877இல் கென்டக்கி ஆற்றுக்கு மேல் 275 அடி உயரத்தில் பாலம் கட்டினார்கள். தூணிலிருந்து இரு பக்கமும் கை நீட்டியதுபோல் நிற்கும் கேன்டிலீவர் வகை அது, அமெரிக்க ரயில் பாலங்களில் முன்னோடி. 1880இல் சட்டனூகா வரை ரயில் போனது. அடுத்த ஆண்டே பாதையை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். உரிமை நகரத்திடமே இருந்தது.

எல்லா ஊருக்கும் இப்படி அமையவில்லை. மிசூரியில் செயின்ட் கிளேர் கவுண்டி ஒரு ரயில் கம்பெனிக்காகப் பத்திரம் வெளியிட்டது. ரயில் வரவே இல்லை. பத்திரம் வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். வரி விதித்துக் கட்டு என்று மத்திய நீதிமன்றம் உத்தரவிட, கவுண்டி நிர்வாகிகள் உத்தரவு கையில் கிடைக்காதபடி காட்டுக்குள் போய் ஒளிந்தார்கள், மாட்டியவர்கள் சிறைக்குப் போனார்கள். கடன் தீர 1940 ஆயிற்று.

ஓஹாயோக்கரை:

இந்தப் பக்கத்தில் குடியிருப்பவன், கொஞ்சம் சேர்க்கிறேன். 2023இல் விற்பதற்கும் மாநிலச் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது, ஏனென்றால் பாதை இன்னும் அந்த 1869 சட்டத்தின் கீழ்தான் இருந்தது. விற்ற பணத்தை நகரம் நேரடியாகத் தொட முடியாது. அறங்காவலர் குழு முதலீடு செய்து, வருமானத்தை மட்டும் ஏற்கனவே இருக்கும் சாலை, பாலம், கட்டடங்களைச் செப்பனிட நகரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். புதிதாக எதுவும் கட்ட முடியாது.

வாக்கெடுப்பு சமயத்தில் என் தெருவில் வீட்டுக்கு வீடு சண்டை. ஆண்டுக்கு சுமார் 2.5 கோடி டாலர் குத்தகை வந்துகொண்டிருந்ததை ஏன் விட வேண்டும் என்பது ஒரு கட்சி. ரயில் கம்பெனியிடம் வாடகை பேரம் பேசியே காலம் போகிறது, பணத்தை மொத்தமாக வாங்கி முதலீடு செய்தால் இன்னும் கூட வரும் என்பது இன்னொரு கட்சி. முடிவு 1869 போல ஒருதலையாக இல்லை, நூலிழைக்குச் சற்று மேல்தான். நான் எதிர்த்துப் போட்டேன். என் மனைவி ஆதரித்துப் போட்டார். இன்னும் அந்தப் பேச்சு எடுத்தால் சாப்பாடு ஆறிவிடும்.

கணக்குப்பிள்ளை:

உங்கள் மனைவி பக்கம் நான். 1.8 கோடி போட்டு 160 கோடி என்று குதிப்பவர்கள் இடைப்பட்ட 150 வருஷத்து வட்டியையும் விலைவாசியையும் கணக்கில் எடுக்க வேண்டும். முதல் சில பத்தாண்டுகள் பத்திரக் கடனுக்கு ஊர்க்காரர்கள் வரி கட்டியதையும்.

ஓஹாயோக்கரை:

அவரிடம் இதைக் காட்ட மாட்டேன்.